தாய் அட்டைக்கு வந்த சோகை

வெள்ளையை வெள்ளை என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய மனிதன் உலகத்தில் ஒரே ஒருவன்தான் மிச்சமிருந்தான். அவன் கரைத் தெருவின் கடைசி வீட்டில், மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் குடியிருந்தான். இந்தத் தகவலைத் தெருவுக்குச் சொன்னவனும் அவனேதான் என்பதால் இதைப் பற்றிச் சந்தேகப்பட யாருக்கும் இடமில்லாமல் போயிற்று.

தெருவில் அவனுக்கு முக்குளிப்பான் என்று பேர். துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற வேலை பார்த்தவன். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான். அவனுக்குப் பிடிக்காத ஒரே சமாச்சாரம் மழுப்பல். மழுப்பலுக்கு உதாரணம் தேடி அவன் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மனைவியின் அண்ணனே இருந்தார். "மழை விட்டுடுச்சா மச்சான்?" என்று கேட்டால், மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையை உற்றுப் பார்த்து, "விடறதுக்கான அறிகுறி தெரியுது மாப்பிள்ளை. ஆனா இன்னும் உறுதிப்படுத்தலை" என்பார்.

மச்சான் மீது தப்பில்லை. அவர் வேலை பார்த்த இடம் அப்படி. 'பவளப்பாறை நலிவுக்கான சாத்தியமான சுற்றுச்சூழல் காரணங்கள் ஆய்வு நிலையம்' என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் ஆரம்பித்து, மூலை திரும்பி, பக்கச் சுவரில் முடியும். மச்சான் அங்கே எழுத்தர்.

கரைத் தெருவுக்கும் அந்த நிலையத்துக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் கிடந்த பவளப்பாறைதான் இத்தனை காலமும் பெரிய அலைகளை அங்கேயே உடைத்து, சாதுவாக்கிக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அலைகள் உடையாமல் வந்தன. கடல் பொங்குகிற நாட்களில் தண்ணீர் கடைசி வீட்டின் பின்சுவருக்கு அடியில் புகுந்து, உள்ளே ஈரம் ஏறியது. முக்குளிப்பான் ஒரு தச்சுப் பென்சிலை எடுத்து, மகள் படுக்கும் மூலைச் சுவரில், அவளுடைய முழங்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டான்.

"ஈரம் இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டணும். அப்புறம் பேச்சே கிடையாது."

"எங்கங்க போறது?" என்றாள் மனைவி.

அது நியாயமான கேள்வி. பாறை நலிந்துவிட்டது என்று நிலையம் எழுதினால்தான் கரைத் தெருவுக்கு மேட்டில் மாற்று இடம் கிடைக்கும். நிலையமோ ஆரம்பித்த நாளிலிருந்து 'மாற்றமில்லை' என்றே எழுதிவந்தது.

"ஏன்னா அங்க ஒருத்தனுக்கும் முதுகெலும்பு கிடையாது. என்னை அங்க உட்கார வை. வெள்ளைன்னு ஒரே வார்த்தை. முடிஞ்சுது கதை."

மகளுக்கு அந்தக் கோடு ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலமானால் கோட்டில் விரலை வைத்து, "கீழதான் இருக்கு!" என்று கத்துவாள். தாயும் தகப்பனும் அதற்கப்புறம்தான் மூச்சு விடுவார்கள்.

நிலையத்தில் பாறையைப் பார்த்துவரும் முக்குளிப்பவர் வேலை காலியாக இருந்தது. முன்பு இருந்தவர் ஒருநாள் கடலிலிருந்து ஏறி, ஈர உடையோடு அப்படியே பஸ் ஏறிப் போனவர், திரும்பவில்லை. மச்சான் சிபாரிசில் முக்குளிப்பான் அந்த இடத்துக்குப் போனான்.

இயக்குநர் அவனை எதிரில் உட்காரவைத்து வரவேற்புரை ஆற்றினார். கேட்பதற்கு ஒருவன்தான் இருந்தான் என்பது அவருடைய குரலைத் துளியும் தணிக்கவில்லை.

"தம்பி, உலகத்துல மத்த கடல்ல எல்லாம் பவளப்பாறை வெளுக்குது, சாகுது, பொடியாகுது. நம்ம பாறை மட்டும் ஒரு பொட்டு மாறினதில்லை. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"நாம பார்த்துக்கிட்டே இருக்கோம்!"

முக்குளிப்பான் தலையைச் சொறிந்தான். "மாற்றமே இல்லைன்னா காரணத்தை எதுக்கு சார் ஆராயறோம்?"

இயக்குநர் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். "அதுதான் தம்பி முன்யோசனை. காரணங்கள் எல்லாம் தயாரா இருக்கு. மாற்றம்தான் இன்னும் வந்து சேரலை."

பிறகு சுற்றிக் காட்டினார். நான்கு காரணங்களுக்கு நான்கு பிரிவுகள். வெப்பப் பிரிவின் தலைவர் குளிரூட்டிய அறையில் கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சாக்கடைப் பிரிவின் தலைவி மூக்கில் வாசனைக் கைக்குட்டை வைத்திருந்தார். சேற்றுப் பிரிவுத் தலைவரின் செருப்பு வாசலுக்கு வெளியே பளபளவென்று கிடந்தது. மனிதர் கை பட்டுப் பாறை கெடுகிறதா என்று பார்க்கும் தொடுகைப் பிரிவின் தலைவர், புதியவன் நீட்டிய கையைக் குலுக்காமல் தூரத்திலிருந்தே தலையசைத்தார்.

"நாலுமே சாத்தியமான காரணங்கள்" என்றார் இயக்குநர் பெருமையாக. "ஒண்ணைக்கூட இதுவரைக்கும் உறுதிப்படுத்த விடலை. உறுதியாயிடுச்சுன்னா அந்தப் பிரிவுக்கு அப்புறம் என்ன வேலை? இந்த நாலு காரணத்தை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா? கடலுக்குள்ள இருக்கிற உயிரை மட்டும் பார்த்தாப் போதுமா தம்பி?"

கடைசியாக மாடியில் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். அதன் வாசலுக்கு வந்ததும் அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. கடலைப் பார்த்த பெரிய ஜன்னலில், வெயில் முழுதாக விழும் இடத்தில், மரச்சட்டம் போட்ட ஓர் அட்டை மாட்டியிருந்தது. அதில் மேலிருந்து கீழாக ஆறு கட்டங்கள்.

"தாய் அட்டை" என்றார் இயக்குநர், கண்ணை மூடிக்கொண்டு. "நிலையம் ஆரம்பிச்ச அன்னிக்குப் பாறையோட நிறத்தைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சது. தெருவுல போறவங்ககூடப் பார்க்கணும்னுதான் ஜன்னல்ல மாட்டியிருக்கோம். வருஷா வருஷம் இதே நிறத்துல ஒரு நகல் எடுப்போம், அதுதான் சேய் அட்டை. நீங்க அதைக் கொண்டுபோய்ப் பாறை பக்கத்துல வெச்சு, எந்தக் கட்டம்னு சொல்லணும். முதல் கட்டம்னா பூரண ஆரோக்கியம். கீழே போகப் போகச் சோகை."

முக்குளிப்பான் உற்றுப் பார்த்தான். முதல் கட்டம் ஆறிப்போன கஞ்சியின் நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

"மத்த அஞ்சு கட்டம் எங்க சார்?"

"இருக்கு. பார்க்கிறதுக்குப் பயிற்சி வேணும்."

மறுநாள் காலை மச்சான் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார, முக்குளிப்பான் இடுப்பில் சேய் அட்டையைக் கட்டிக்கொண்டு முங்கினான். பள்ளிக்கூடம் போகிற வயதில் இதே பாறைக்கு நீந்தி வந்திருக்கிறான். அப்போதெல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டதுமே ஒரு சத்தம் கேட்கும். சூடான எண்ணெயில் எதையோ போட்டதுபோல, நாலா பக்கமும் படபடவென்று. இறாலும் நண்டும் மீனும் ஓயாமல் எதையாவது கடித்து உடைத்துக்கொண்டிருக்கிற சத்தம்.

இப்போது தலையை விட்டான். சத்தம் இல்லை.

காதில் தண்ணீர் அடைத்துவிட்டதோ என்று தலையை உதறினான். தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. இன்னும் கீழே இறங்கினான். பாறை ஆஸ்பத்திரிச் சுவர்போல வெளுத்துக் கிடந்தது. கிளை கிளையாக நின்றதெல்லாம் ஒடிந்து, அலை இழுக்கிற பக்கம் எலும்புத் துண்டுகளாக உருண்டது. ஒரு மீன்கூட அவனைக் கண்டு ஓடவில்லை. ஓடுவதற்கு மீன் இருக்கவேண்டுமே.

அட்டையை எடுத்துப் பாறையின் மேல் வைத்தான். முதல் கட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. பூரண ஆரோக்கியம்.

அதுவரை அவனுக்குப் பயமில்லை என்றுதான் சொல்லவேண்டும். வெள்ளையைப் பார்த்துக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை. அது பொருந்தியதைப் பார்த்துத்தான் பயந்தான். தன் கண்ணே கெட்டுவிட்டதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கை கறுப்பாகத்தான் இருந்தது.

மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், அது செத்துக் கிடக்கு."

"ஷ்ஷ்!" மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை கடல்தான் இருந்தது. "கட்டம் என்ன?"

"ஒண்ணு."

"அப்ப மாற்றமில்லை. ஏறுங்க."

"சத்தமே இல்ல மச்சான் உள்ள."

"சத்தத்துக்கு நம்மகிட்ட அட்டை இல்ல மாப்பிள்ளை."

ஈர உடையோடு பஸ் ஏறிப்போன மனிதரை முக்குளிப்பான் அப்போது நினைத்துக்கொண்டான். ஆனாலும் வீட்டுச் சுவரில் கோட்டுக்கு அடியில் நின்ற ஈரத்தையும் நினைத்தான். நேராக நிலையத்தின் கூட்டத்துக்குப் போனான்.

தாய் அட்டை இருந்த அறையில்தான் கூட்டம். இயக்குநர் வழக்கம்போல, "நமது முக்குளிப்பவர் இப்போது மாற்றமில்லை என்று தெரிவிப்பார்" என்று அறிவித்தார்.

முக்குளிப்பான் எழுந்தான். "வெள்ளை" என்றான்.

யாரோ கதவைச் சாத்தினார்கள். யாரோ ஒருவர் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து, மேசையெல்லாம் டீ ஓடியது. யாரும் துடைக்கவில்லை. மச்சான் குனிந்து, காணாமல் போகாத பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

வெப்பத் தலைவர்தான் முதலில் பேசினார். அவருடைய குரல் தழுதழுத்தது. "யார் செஞ்சிருந்தாலும் சரி, வெப்பம் செஞ்சிருக்காது. எத்தனையோ வருஷமா பழகறேன். கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காது."

"ஊர்ச் சாக்கடை முழுக்க அங்கதான் போகுது, நான் இல்லேன்னு சொல்லலை" என்றார் சாக்கடைத் தலைவி, கைக்குட்டையை எடுக்காமலே. "ஆனா கடல்ல கலந்தப்புறமும் அதைச் சாக்கடைன்னு சொல்றது அநாகரிகம். அப்புறம் அதுக்குப் பேரு கடல்."

சேற்றுத் தலைவர் நிதானமானவர். "ரோடு போட மலையை வெட்டின மண்ணெல்லாம் மழையில கரைஞ்சு வந்து பாறை மேல உட்காருதுன்னு ஒரு பேச்சு இருக்கு. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தா யாருமே கொஞ்சம் உட்காரத்தான் செய்வாங்க."

தொடுகைத் தலைவர் முக்குளிப்பானின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டை என்ன சொல்லுது தம்பி?" என்றார் இயக்குநர்.

"அட்டை பொய் சொல்லுது சார்."

சொல்லிவிட்டு அவன் செய்த காரியத்தை அந்தக் கட்டடத்தில் யாரும் கனவில்கூடச் செய்ததில்லை. ஜன்னலுக்குப் போனான். தாய் அட்டையைக் கழற்றினான். மரச்சட்டத்தைப் பிரித்து, அட்டையை வெளியே உருவி எல்லோருக்கும் காட்டினான்.

சட்டம் மூடியிருந்த ஓரத்தில், விரல் அகலத்துக்கு, வெயில் படாத நிறம் அப்படியே இருந்தது. தேனின் நிறம். கண்ணுக்குத் தெரியாத ஐந்து கட்டங்களும் அந்த ஓரத்தில் தனித்தனியாக, வரிசையாகத் தெரிந்தன. நடுவில் இருந்ததெல்லாம் வருஷக்கணக்கில் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. பாறை அங்கே வெளுக்க, அட்டை இங்கே வெளுக்க, இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கியிருக்கின்றன. எப்போது வைத்துப் பார்த்தாலும் பொருந்தியிருக்கிறது.

"இதுதான் சார் பாறையோட நிஜ நிறம். இது போச்சு. முழுசாப் போச்சு."

இயக்குநர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் திரண்டது. முக்குளிப்பானுக்கு மேட்டில் ஒரு வீடு, ஈரமில்லாத ஒரு சுவர், எல்லாம் கண்முன் வந்துபோயின.

"அடப்பாவிகளா" என்றார் இயக்குநர். "இந்த நிலைமைக்கு விட்டுட்டோமே... தாய் அட்டையை!"

நிலையத்தின் வரலாற்றில் அப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. அட்டை நலிவுக்கான சுற்றுச்சூழல் காரணங்களை ஆராய நான்கு பிரிவுகளும் அப்போதே இறங்கின. அன்று மாலைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது.

"வெப்பம்!" என்று கர்ஜித்தார் வெப்பத் தலைவர். "நேர் வெயில். நாள் முழுக்க. பாவம், எப்படித் தாங்கும்?"

"சாத்தியமான காரணம்னு போட்டுக்கலாமா?" என்று மச்சான் பேனாவைத் திறந்தார்.

"சாத்தியமாவது ஒண்ணாவது! இதுதான்யா காரணம்!"

சுவருக்குப் பின்னால் போன கழிவறைக் குழாயின் கசிவைச் சாக்கடைத் தலைவி கண்டுபிடித்துக் கண்கலங்கினார். ஜன்னல் வழியே வந்து படிந்த ரோட்டுப் புழுதியைச் சேற்றுத் தலைவர் விரலால் தொட்டுக் காட்டினார். பார்வையாளர்களின் கைரேகைகளைத் தொடுகைத் தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "எத்தனை பேர்! எத்தனை பேர்!" என்று முனகினார்.

அந்த வாரமே நடவடிக்கை ஆரம்பமாயிற்று. அறையைக் குளிர்விக்க ஒரு ராட்சத இயந்திரம் வந்தது. அது கக்குகிற வெந்நீரை எங்கே விடுவது என்ற கேள்வி எழுந்தபோது, பின்னால்தான் கடல் இருக்கிறதே என்று முடிவாயிற்று. கழிவறைக் குழாயைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஒரே நேர்க்கோட்டில் பாறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஜன்னலைப் பெயர்த்து அடைக்கையில் இடிந்து விழுந்த மண்ணும் அதே வழியில் போயிற்று. அட்டையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வைத்து, 'தொடாதே' என்று எழுதினார்கள். இப்படியாக நான்கு காரணங்களும் அட்டையை விட்டு நீங்க, அவற்றில் மூன்று சொந்த ஊருக்குத் திரும்பியதுபோல் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

"அட்டையைக் காப்பாத்திட்டீங்க சார். ரொம்ப சந்தோஷம்" என்றான் முக்குளிப்பான், இயக்குநர் தனியாகக் கூப்பிட்டபோது. "இனி பாறைக்கு வருவோமா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்." இயக்குநர் கதவைத் தாழிட்டார். தொடுகைத் தலைவரும் மச்சானும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். மேசைமேல் தாய் அட்டை, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே கிடந்தது. "அட்டையோட ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறமா இருக்கு தம்பி. நடுதான் சரின்னா மாற்றமில்லை. ஓரம்தான் சரின்னா பாறை செத்துப்போச்சு. செத்துப்போச்சுன்னா காரணம் கேட்பாங்க. உறுதியான காரணம்."

"நாலு இருக்கே சார்!"

"வெப்பத்துக்கு விலாசம் உண்டா? சாக்கடையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? மண்ணு கையெழுத்துப் போடுமா?" இயக்குநரின் குரல் பாசத்தில் குழைந்தது. "பாறைகிட்டப் போய், அதுமேல கையை வெச்ச மனுஷன்னு பார்த்தா..."

"முங்கறப்போ பாறையைத் தொட்டீங்களா?" என்றார் தொடுகைத் தலைவர். அவர் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"அட்டையை வெச்சுப் பார்க்கணும்னா தொடாம எப்படி சார்?"

"தொட்டிருக்கார்" என்றார் தொடுகைத் தலைவர், மச்சானைப் பார்த்து.

மச்சான் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். முக்குளிப்பானுக்குக் காது அடைத்தது. கடலுக்கு அடியில் கேட்ட அதே அமைதி. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

இயக்குநர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். "ஓரத்தை எடுத்துட்டா அட்டை ஒரே சீராயிடும். யாருக்கும் தொந்தரவு இல்லை. கொஞ்சம் கை நடுங்குது தம்பி, அந்த அளவுகோலை நேராப் பிடிங்க."

முக்குளிப்பான் பிடித்தான். நேராகத்தான் பிடித்தான்.

தேன்நிற ஓரம் சுருண்டு குப்பைக்கூடையில் விழுந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கடல் கத்திக்கொண்டே கூட வந்தது. வாசலில் ஏறினதும் அவன் மனைவியிடம் சிரிக்கச் சிரிக்கக் கதையைச் சொன்னான். சிரிப்பு வேகமாக வந்தது. இயக்குநர் மாதிரி நெஞ்சில் கைவைத்துக் காட்டினான். வெப்பத் தலைவர் மாதிரி கர்ஜித்துக் காட்டினான்.

"நிறம் பொருந்தலைன்னா அட்டையையே கத்தரிச்சுடறானுங்கடி! உலகத்துல எங்கயாவது உண்டா? அளக்கற கோலையே வளைச்சுட்டு, எல்லாம் நேரா இருக்குன்னு சொல்றானுங்க. மானங்கெட்ட பசங்க!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா? நான் என்ன... அளவுகோலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மனைவி சிரிக்கவில்லை. அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள்.

ஈரம் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை ஏறியிருந்தது. அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மத்தியானம் அலை வந்தப்ப ஏறினது. பாப்பா இன்னும் பார்க்கலை. பக்கத்து வீட்டுல விளையாடிக்கிட்டு இருக்கா" என்றாள். "நீங்கதானே சொன்னீங்க, தாண்டினாப் பேச்சே கிடையாதுன்னு. துணிமணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன். நான் போய் அவளைக் கூட்டிட்டு வர்றேன். எங்க போறோம்னு மட்டும் வந்ததும் சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். முக்குளிப்பான் சுவரின் முன் நின்றான். மேட்டில் யாரையும் அவனுக்குத் தெரியாது. மாற்று இடம் இல்லை, ஏனென்றால் மாற்றமில்லை. பின்சுவரில் ஓர் அலை வந்து மோதியது. பாத்திரங்கள் லேசாகக் கிணுகிணுத்தன. வாசலில் மகளின் குரல் கேட்டது. ஓடி வருகிறாள்.

அவன் குனிந்தான். கட்டை விரலை எச்சில் தொட்டு, பழைய கோட்டைத் தேய்த்தான். ஈரச் சுவரில் அது சிரமமில்லாமல் போயிற்று. காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, ஈரத்துக்கு மேலே, காய்ந்ததுபோல் தெரிந்த இடமாகப் பார்த்து, ஒரு கோடு போட்டான். நேராகத்தான் போட்டான்.

மகள் உள்ளே ஓடிவந்து வழக்கம்போல் கோட்டில் விரலை வைத்தாள். விரலை வைக்க இன்று அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. "கீழதான் இருக்கு!" என்று கத்தினாள்.

வாசலில் கட்டி வைத்திருந்த மூட்டையோடு பின்னால் வந்த மனைவி சுவரைப் பார்த்தாள். அவனுடைய கட்டை விரலில் இருந்த கரியைப் பார்த்தாள். மூட்டையைத் தரையில் வைக்கப் போனவள், ஒரு கணம் யோசித்து, அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

மகள் மட்டும் விரலை எடுக்காமல் முகத்தைச் சுளித்தாள். "அப்பா, கோடு ஈரமா இருக்கேப்பா."

முக்குளிப்பான் கட்டிலில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டான்.

"அதுக்குச் சாத்தியமான காரணங்கள் நிறைய இருக்கு கண்ணு" என்றான்.